வேதாளர் பக்கத்துக்கு வில்லங்கச் சான்று எங்க வாங்குறது?

கடலூர் மஞ்சக்குப்பத்துல எனக்கு ஒரு அண்ணன் இருக்காரு, கூடப் பொறந்தவர் இல்ல, காமிக்ஸ் அண்ணன். பழைய முத்து, லயன், ராணி, இந்திரஜால்னு பீரோ முழுக்க அடுக்கி வச்சிருக்காரு, அண்ணியோட புடவையெல்லாம் டிரங்குப் பெட்டிக்குப் போயி பல வருஷம் ஆச்சு. போன வருஷம் ஒருநாள் காலைல போன். "தம்பி, இன்னிக்கே வா, போன்ல சொல்ற விஷயம் இல்ல"ன்னாரு. நான் ஏதோ உடம்புக்கு முடியலையோன்னு பதறிப்போயி பாண்டி பஸ் ஸ்டாண்டுல கடலூர் வண்டி புடிச்சு, அரியாங்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில்னு ஒவ்வொரு ஸ்டாப்பா திட்டிக்கிட்டே போய்ச் சேர்ந்தா, மனுஷன் கட்டில் மேல வெள்ளை வேட்டி விரிச்சு அதுக்கு நடுவுல ஒரு அட்டையை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

கெட்டியான அட்டை, ஓரமெல்லாம் பழுப்பு, அதுல ஆறு கட்டம், மேல இருந்து கீழ ரெண்டு ரெண்டா. கருப்பு மையில வேதாளர் (இங்கிலீஷ்ல ஃபேன்டம்னு வர்ற முகமூடி ஹீரோ), குதிரை, மண்டையோட்டுக் குகை. பேச்சு எழுதற பலூன் எல்லாம் காலி. "ஒரிஜினல் தம்பி, கையால வரைஞ்சது, 8,500 ரூபாய்க்குத் தட்டிட்டேன்". யார்கிட்ட வாங்குனீங்கன்னு கேட்டா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல பழைய சாமான் விக்கிற ஒருத்தர், அவருக்கு எங்கேருந்து வந்துச்சுன்னா ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டைக் காலி பண்ணும்போது கிடைச்சதாம். இங்க பாண்டியில இது ஒரு வழக்கமான கதை. பழைய நாற்காலியா, பிரெஞ்சுக்காரர் வீட்டு நாற்காலி. ஓட்டை விழுந்த பித்தளைக் குண்டாவா, அதுவும் பிரெஞ்சுக்காரர் வீட்டுல இருந்து வந்ததுதான். அந்த வீடுகள்ல இருந்து இதுவரைக்கும் வெளிய வந்ததா சொல்ற சாமானை எல்லாம் கூட்டிப் பாத்தா ஒயிட் டவுன் முழுக்க மூணு மாடி குடோனா இருந்திருக்கணும்.

அன்னிக்கு அங்க நடந்ததைச் சொல்றதுக்கு முன்னாடி இந்த ஒரிஜினல் ஆர்ட்னா என்ன, ஏன் இதுக்கு இவ்வளவு சண்டைன்னு கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா நம்ம பக்கம் காமிக்ஸ் புக் சேக்கறவங்க நிறைய இருந்தாலும் வரைஞ்ச பக்கத்தைச் சேக்கறது இப்பத்தான் மெல்ல மெல்ல வருது, ஆசை முதல்ல வந்துடுச்சு, விவரம் பின்னாடி நடந்து வந்துக்கிட்டிருக்கு.

காமிக்ஸ் அச்சாகறதுக்கு முன்னாடி ஒரு ஓவியர் பேப்பர்ல பென்சில்ல போட்டு, அது மேல மை ஓட்டி, தப்பான இடத்துல வெள்ளை பூசி ஒரு பக்கத்தை முடிப்பாரு, அதைப் போட்டோ எடுத்துச் சின்னதாக்கித்தான் அச்சடிப்பாங்க. அமெரிக்காவுல 1960கள் நடுவு வரைக்கும் அச்சு சைசுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பெருசா வரைஞ்சாங்க, 1967, 68 வாக்குல 11க்கு 17 இன்ச் பேப்பர்னு சின்னதாக்கிட்டாங்க. வேலை முடிஞ்சதும் அந்தப் பக்கத்துக்கு அந்தக் காலத்துல மதிப்பே கிடையாது. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் வாழைமரம் மாதிரி ஓரமா கிடக்கும். சூப்பர்மேன் புக் போடற டிசி கம்பெனியில ஆபீஸ் சுத்திப் பாக்க வந்த பசங்களுக்குச் சும்மா தூக்கிக் கொடுத்திருக்காங்க, கிழிச்சும் போட்டிருக்காங்க. இன்னிக்கு நிலைமையே வேற, 2022 ஜனவரியில ஸ்பைடர்மேன் கருப்பு டிரஸ்ல வர்ற ஒரே ஒரு பக்கம், மைக் ஸெக் வரைஞ்சது, டல்லஸ் ஏலத்துல 33 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போச்சு. குப்பைன்னு நினைச்சு யாரும் கணக்கு வைக்காத சாமான் திடீர்னு தங்கமானா என்ன ஆகும்? எல்லாச் சண்டைக்கும் வேர் அதுதான்.

இதுல நான் பாத்த வரைக்கும் ஆளுங்க பண்ற பெரிய குழப்பம் என்னன்னா ரெண்டு தனித்தனி கேள்வியை ஒரே கேள்வியா நினைச்சுக்கறது. இதை வரைஞ்சது யாருங்கறது ஒண்ணு, இது இப்ப யாருக்குச் சொந்தம்ங்கறது இன்னொண்ணு. மனை வாங்கினவங்களுக்கு இது சட்டுனு புரியும். நிலம் நிஜமாவே அங்க இருக்கு, அளந்து பாத்தா சரியா இருக்கு, அதுக்காக விக்கிறவனுக்கு அது சொந்தம்னு ஆயிடுமா? தாய்ப்பத்திரம் கேப்போம், வில்லங்கம் போட்டுப் பாப்போம், நடுவுல ஒரு பாகப்பிரிவினை விட்டுப்போயிருந்தா பயந்து பின்வாங்குவோம். பாண்டியில நொத்தேர் (பிரெஞ்சு முறையில பத்திரம் எழுதற அதிகாரி) எழுதின பழைய பிரெஞ்சுப் பத்திரத்தை இன்னும் பெட்டியில வச்சிருக்கற குடும்பங்க இருக்கு, ஏன்னா சங்கிலியில ஒரு கண்ணி விட்டாலும் போச்சுன்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா அதே ஆளுங்க ஒரு படத்தை வாங்கும்போது "பாத்தாலே தெரியுதே ஒரிஜினல்னு" அப்படின்னு பணத்தைக் கொடுத்துடறாங்க. காமிக்ஸ் பக்கத்துக்கு எந்த சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்லயும் வில்லங்கச் சான்று கிடைக்காது.

சரி, மஞ்சக்குப்பத்துக்கு வருவோம். முதல் கேள்விக்கு மட்டும் அன்னிக்கு நாங்க பதில் தேடுனோம். நகைக்கடைக்காரங்க வைக்கிற மாதிரி பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு என்கிட்ட உண்டு. அதை வச்சுப் பாத்தா அச்சா கையால போட்டதான்னு தெரிஞ்சிடும், அச்சுன்னா சாம்பல் நிறம் வர்ற இடத்துல புள்ளி புள்ளியா வரிசை கட்டி நிக்கும், கையால போட்டதுன்னா மை ஒரே கருப்பா இருக்காது, பிரஷ் திரும்பின இடத்துல கெட்டியாவும் இழுத்த இடத்துல மெலிசாவும் இருக்கும். இதுல புள்ளி இல்ல. மை நிஜமாவே பேப்பர் மேல உக்காந்திருந்துச்சு. அண்ணன் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு, அண்ணி கூட காபி டம்ளரோட எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.

ஆனா யாரோ கையால வரைஞ்சதுங்கறதும் வேதாளரை வரைஞ்ச நிஜ ஓவியர் கையால வரைஞ்சதுங்கறதும் ஒண்ணா? மைக்கு அடியில பென்சில் தடமே இல்ல. நல்லா அழிச்சிருந்தாலும் சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தா பேப்பர்ல பள்ளம் தெரியும், அதுவும் இல்ல. எங்கயும் திருத்தமே இல்ல, ஒரு சொட்டு வெள்ளை பூசல. தினமும் நியூஸ் பேப்பருக்கு ஸ்ட்ரிப் (ஒரு வரிசைக் கட்டத்துல வர்ற படக்கதை) போட்டுத் தள்ற ஓவியர் ஆறு கட்டத்துல ஒரு இடத்துல கூட மனசு மாத்திக்கலன்னா அவர் யோசிக்கவே இல்லன்னு அர்த்தம், யோசிக்காம வரையறது பாத்துப் போடறவங்க பண்ற வேலை. குதிரைக் கால்ல ஒரு கோடு தயங்கித் தயங்கிப் போகுது, புதுசா வண்டி ஓட்டறவன் குழியைப் பாத்துப் பாத்து ஓட்டற மாதிரி. கண்ணாடிக்கு அடியில லைட் போட்டு மேல பேப்பர் வச்சு நகல் எடுக்கும்போது வர்ற தயக்கம் அது.

"அது குதிரை தம்பி, அதோட காலு அப்படித்தான் இருக்கும்"னாரு அண்ணன்.

அடுத்து, பக்கத்து மளிகைக் கடையில 500 ரூபா நோட்டு செக் பண்ற ஊதா லைட் டார்ச்சை இரவல் வாங்கிட்டு வந்தோம். இருட்டுல அந்த லைட்டைக் காட்டுனா பேப்பர் பளீர்னு நீலமா எரியுதான்னு பாக்கணும். பேப்பரை வெள்ளையாக்கற ரசாயனம் கலந்தா அப்படி எரியும், அது 1950 வாக்குலதான் பரவலா வந்துச்சு, அதனால 1930கள்ல வரைஞ்சதா சொல்ற பக்கம் எரிஞ்சா அங்கேயே கதை முடிஞ்சது. அண்ணன் பக்கம் எரிஞ்சுது. ஆனா இதை வச்சு ஒண்ணும் தீர்ப்பு சொல்ல முடியாது, ஏன்னா வேதாளரை சை பாரி 1961ல இருந்து 1994 வரைக்கும் வரைஞ்சிருக்காரு, அந்தக் காலப் பேப்பர் நல்லாவே எரியலாம். ஒரு சோதனை வேலை செய்யும், ஒண்ணு செய்யாது, இதை மறைக்கக் கூடாது. யாராவது டார்ச் அடிச்சுப் பாத்துட்டு "ஒரிஜினல்தான்"னு சொன்னா அவர் நோட்டு செக் பண்றவர்னு மட்டும் எடுத்துக்கணும்.

கடைசியில மாட்டினது வேற இடத்துல, எந்தக் கருவியும் வேண்டியதில்லாத இடத்துல. ஆறு கட்டம், ரெண்டு ரெண்டா, நெட்டுக்குத்தலா. லீ ஃபாக் வேதாளரை 1936 பிப்ரவரியில ஆரம்பிச்சது நியூஸ் பேப்பர்ல தினம் வர்ற ஸ்ட்ரிப்பா. அதை எப்பவும் படுக்கை வசத்துலதான் வரைவாங்க, மூணு நாலு கட்டம் ஒரே வரிசையில, ஓரத்துல கிங் ஃபீச்சர்ஸ் சிண்டிகேட் (பத்திரிகைகளுக்கு ஸ்ட்ரிப் விக்கிற கம்பெனி) பேரும் தேதியும் இருக்கும், எழுத்தும் அதுலயே இருக்கும். நெட்டுக்குத்தா பக்கம் பக்கமா ஆக்கினது இந்திரஜால் மாதிரி புக் போட்டவங்க, 1964ல பம்பாய்ல ஆரம்பிச்சு 1990ல நின்னுபோனது அது. அவங்க ஸ்ட்ரிப்பை வெட்டி அடுக்கி, கட்டத்தைக் குறுக்கி நீட்டி புக் சைசுக்குக் கொண்டு வந்தாங்க. ஆக நெட்டுக்குத்தா இருக்கற இந்தப் பக்கத்தை எவனோ புக்கைப் பாத்துதான் போட்டிருக்கணும். நகல் எடுக்கறவன் எப்பவும் இப்படித்தான் மாட்டுவான். அவன் கையில அச்சான புக்தான் இருக்கும், அதனால அச்சுல வந்த குறையையும் சேத்துப் போட்டுடுவான். ஒரிஜினல்ல இருக்கற மெலிசான கோடு அச்சுல அடைஞ்சுபோயிருக்கும், நகல்லயும் அடைஞ்சே இருக்கும். அச்சுல வெட்டுன ஓரம் நகல்லயும் வெட்டுப்பட்டே இருக்கும். ஒரிஜினல்னா புக்குல இல்லாத ஏதாவது ஒண்ணு அதுல இருந்தாகணும்.

(இந்திரஜால் அட்டைப்படம்னா அது வேற கணக்கு. கோவிந்த்னு ஒருத்தர் இங்கேயே பெயின்ட்ல போட்ட அட்டைகள் அவை, அதுல ஒண்ணு நிஜமாவே யார் வீட்டுப் பரண்லயாவது இருந்தா நான் பஸ்ஸுக்குக் கூட காத்திருக்க மாட்டேன், நடந்தே வந்துடுவேன்.)

அண்ணனோட கேஸ் லேசான கேஸ். சாமானே பொய், தீந்துது. நிஜமான தலைவலி சாமான் நூத்துக்கு நூறு உண்மையா இருந்து ரெண்டாவது கேள்வியில இடிக்கும்போதுதான் வரும்.

ஜாக் கிர்பியை எடுத்துக்குங்க. ஸ்பைடர்மேன் புக் போடற மார்வெல் கம்பெனியோட பாதி ஹீரோக்களுக்கு உருவம் கொடுத்த மனுஷன், அங்க வரைஞ்சது பத்தாயிரம் பக்கத்துக்கு மேல. 1970கள் நடுவுல இருந்து கம்பெனிங்க ஓவியர்களுக்குப் பக்கத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிச்சாங்க, பழைய பக்கங்களைக் கொடுக்கற நேரம் வந்தப்ப மத்தவங்களுக்கு ஒரு பக்க ஒப்பந்தம், கிர்பிக்கு மட்டும் நாலு பக்கம் நீட்டினாங்க, அதுவும் 88 பக்கம் தர்றோம்னு. அவர் கையெழுத்துப் போடல. பல வருஷம் இழுபறி, மத்த ஓவியர்கள் எல்லாம் அவருக்காகக் குரல் கொடுத்து, 1987ல சுமார் 2,000 பக்கம் வந்துச்சு. மீதி? குடோன்ல இருந்து கால் முளைச்சுப் போனது, யாரோ யாருக்கோ கொடுத்தது, இப்பவும் அந்தப் பக்கங்கள்ல பலது வெளிப்படையா ஏலத்துக்கு வருது. கிர்பி வரைஞ்சதுதான், யாருக்கும் சந்தேகமே இல்ல, ஆனா கிர்பி கைக்குத் திரும்பி வரவே இல்லாத பக்கம். இதை வாங்கறவர் என்ன வாங்கறாரு? டிட்கோ வரைஞ்ச, ஸ்பைடர்மேன் முதல் கதை வந்த இதழோட 24 பக்கத்தை 2008ல ஒருத்தர் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்துக்கு இனாமா கொடுத்தாரு, பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டு. நல்ல மனசா, இல்ல வச்சிருந்தா கேள்வி வரும்னு நினைச்சாரா, அவருக்கே வெளிச்சம்.

அல் பிளாஸ்டினோ கதை இன்னும் மனசைப் பிசையும். கென்னடியும் சூப்பர்மேனும் வர்ற ஒரு கதையை அவர் வரைஞ்சாரு, கென்னடி சுடப்பட்டதால நிறுத்தி வச்சு பிற்பாடு 1964ல சூப்பர்மேன் 170ஆவது இதழ்ல வெளியிட்டாங்க. இந்த ஓவியங்கள் கென்னடி நூலகத்துக்குத் தரப்படுதுன்னு அந்தக் கதையோட கடைசிப் பக்கத்துலயே அச்சடிச்சிருந்துச்சு. மனுஷன் அம்பது வருஷம் அங்கதான் இருக்குன்னு நம்பிக்கிட்டிருந்தாரு. 2013ல நியூயார்க்ல ஒரு காமிக்ஸ் கூட்டத்துக்குப் போனா, அந்தப் பக்கங்கள் ஏலத்துக்கு வருதுன்னு அங்க காதுல விழுது. 1993லயே ஒரு ஏலத்துல யாரோ வாங்கி வச்சிருந்திருக்காங்க. 91 வயசுல கோர்ட்டுக்குப் போனாரு, ஏலம் நிறுத்தி வச்சாங்க, அந்த நவம்பர்லயே அவர் செத்துட்டாரு. அதுக்கப்பறம் டிசி கம்பெனியே அதை வாங்கி நூலகத்துக்குக் கொடுத்துச்சு. படம் போற இடம் எங்கன்னு பல லட்சம் பேர் படிச்ச புக்குலயே போட்டிருந்தும் நடுவுல எந்தக் கதவு வழியா வெளிய போச்சுன்னு ஒருத்தரும் பாக்கல.

ஐரோப்பாவுல சண்டை வேற ருசி. அங்க பெரும்பாலும் "பரிசா கொடுத்தாரு"ங்கற ஒரு வார்த்தையில வந்து நிக்கும். 2023 டிசம்பர்ல பிரஸ்ஸல்ஸ்ல ஆஸ்ட்ரிக்ஸ் காமிக்ஸோட ரெண்டாவது ஆல்பத்து (அங்க காமிக்ஸ் புக்கை அப்படித்தான் சொல்லுவாங்க) அட்டை ஏலத்துக்கு வந்துச்சு, உடெர்ஸோ வரைஞ்ச ஒரிஜினல். அவர் பொண்ணு புகார் கொடுத்தாங்க. அவங்க சொன்ன காரணத்தைக் கேளுங்க: அப்பா யாருக்காவது படம் கொடுத்தா அதுல இன்னாருக்குன்னு பேர் போட்டு எழுதித்தான் கொடுப்பாரு, இதுல எழுத்தே இல்ல, அப்ப இது பரிசு இல்ல. வித்தவங்க தரப்பு பரிசுதான்னு சொல்லுச்சு. ஏலத்துல இருந்து எடுத்துட்டாங்க. படம் அவர் போட்டதுதான்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்குது, எழுதாம விட்ட ஒரு வரிக்குத்தான் இவ்வளவும். நம்ம ஊர்ல மொய் நோட்டுல பேர் விட்டுப்போனா நடக்கற சண்டையோட அண்ணன் இது.

டின்டின் அட்டைக்கு நடந்தது எனக்கு இன்னும் பிடிக்கும். ப்ளூ லோட்டஸ் ஆல்பத்துக்காக 1936ல டின்டினை உருவாக்கின எர்ஜே போட்டு, அச்சடிக்கச் செலவு ஜாஸ்தின்னு தள்ளிவிடப்பட்ட அட்டை, 2021 ஜனவரியில பாரீஸ்ல கிட்டத்தட்ட 32 லட்சம் யூரோவுக்குப் போச்சு. அந்தப் படத்துல மடிப்புத் தடம் இருக்கு, ஆறா மடிச்சது. பதிப்பாளரோட ஏழு வயசுப் பையனுக்கு எர்ஜே கொடுத்தாரு, பையன் மடிச்சு மேஜை டிராயர்ல போட்டுட்டான், குடும்பத்துல இருந்துதான் வந்துச்சுங்கறது விக்கிறவங்க சொன்ன கதை. அதை நம்பாதவங்க இருந்தாங்க, தபால்ல பதிப்பகத்துக்கு அனுப்பறதுக்காகவே மடிச்சிருப்பாங்க, அப்ப அது பரிசே இல்லன்னு சொன்னாங்க. மடிப்பு ஒண்ணுதான். ஒரு தரப்புக்கு அது குழந்தை கை, இன்னொரு தரப்புக்கு அது தபால் கவர். பேப்பர் பேசும்னு சொல்லுவாங்க, பேசும்தான், ஆனா கேக்கறவன் பாஷையில பேசும்.

இதையெல்லாம் விட மோசம் காவல்காரங்களே காணாமப் போக்கறது. ப்ளேக் அண்ட் மார்ட்டிமர்ங்கற காமிக்ஸை வரைஞ்ச ஜேக்கப்ஸ், தன் பக்கங்கள் சிதறக் கூடாதுன்னே ஒரு அறக்கட்டளை வச்சுட்டுப் போனாரு, அதுல இருந்தே நூத்துக்கணக்குல காணாமப் போயி பெல்ஜியத்துல போலீஸ் வரைக்கும் போச்சு. அதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல.

நம்ம தமிழ்ப் பக்கத்துக்கு வந்தா இந்தக் கேள்விங்க இன்னும் கோணலா ஆகுது. முத்து காமிக்ஸ் 1972ல சிவகாசியில இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்சது, லயன் 1984ல மாடஸ்டிங்கற கதாநாயகியோட. இரும்புக்கை மாயாவி வரைஞ்சது ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ, லண்டன் பத்திரிகைக்காக. அவர் வரைஞ்ச பேப்பர் சிவகாசிக்கு வர வேண்டிய அவசியமே இல்ல, உரிமை வாங்கறவங்களுக்கு அச்சுக்கு உண்டான நகல்தான் வரும். அது மேல தமிழ் எழுத்தை ஒட்டி, கட்டத்தை வெட்டி ஒட்டி பக்கம் பண்ணுவாங்க. இப்ப யாராவது தமிழ் பலூன் ஒட்டுன பக்கம் ஒண்ணைக் கொண்டு வந்து மாயாவி ஒரிஜினல்னா, அது பிளாஸ்கோ ஒரிஜினல் கிடையாது. ஆனா அது குப்பையும் இல்லயே! அந்தத் தமிழை எழுதினவர், ஒட்டுனவர், ஓரத்துல நீலப் பென்சில்ல அளவு குறிச்சவர், அவங்க கை அதுல இருக்கு. உலகத்துல வேற எங்கயும் இல்லாத பேப்பர் அது. நான் இதை அச்சுப் பக்கம்னு சொல்லுவேன், என்னைக் கேட்டா ஒரு தமிழ்க் காமிக்ஸ்காரனுக்கு அது பிளாஸ்கோ பக்கத்தை விட நெருக்கம். என்ன, அந்தப் பேரைச் சொல்லி அந்த விலைக்கு விக்கணும். பிளாஸ்கோ பேரைச் சொல்லி பிளாஸ்கோ விலைக்கு வித்தா அது ஏமாத்து வேலை, ஒரு கோடு கூட பொய்யா போடாமலேயே ஏமாத்து வேலை.

இங்கேயே வரைஞ்சதுன்னா அம்புலிமாமா, கல்கி, விகடன் படங்கள் இருக்கு. கல்கியில 1950ல இருந்து 54 வரைக்கும் பொன்னியின் செல்வனுக்கு மணியம் போட்டதும், அம்புலிமாமாவுல விக்கிரமனும் வேதாளமுமா சங்கர் போட்டதும் எங்க பாட்டி தலைமுறைக்கே மனப்பாடம். அப்பெல்லாம் படத்தை பிளாக் (அச்சடிக்கற உலோகத் தகடு) எடுக்க அனுப்புவாங்க, பிளாக் வந்ததும் படம் கட்டுல போகும், கட்டு பரணுக்குப் போகும். யாருக்குச் சொந்தம்னு யாரும் எழுதி வச்சுக்கல, சம்பளம் வாங்குன ஓவியரும் கேக்கல. இன்னிக்கு அப்படி ஒரு பேப்பர் வந்தா நான் முதல்ல படத்தையே பாக்க மாட்டேன், திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பாப்பேன். எந்த இதழ், எத்தனை பத்தி அகலம், எவ்வளவு சின்னதாக்கணும்னு பென்சில் குறிப்பு, பிளாக் மேக்கர் சீல், பசைக் கறை, இதெல்லாம்தான் தாய்ப்பத்திரம். பொய்யா படம் போடறவன் முன்பக்கத்துக்குப் படற பாடு பின்பக்கத்துக்குப் பட மாட்டான், அப்படிப் பட்டாலும் கறை எல்லாம் டீ கலர்ல ஒரே சீரா இருக்கும்.

சர்டிபிகேட் பத்தி ஒரு வார்த்தை. "சர்டிபிகேட்டோட தர்றோம்"னு பெருமையா சொல்லுவாங்க. யார் கொடுத்த சர்டிபிகேட்? விக்கிறவரே கொடுத்தது. அவர் படத்தைப் பொய்யா போடத் துணிஞ்சவர்னா ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடவா கூசப்போறாரு? ஓவியரோட குடும்பம் எழுதிக் கொடுத்த கடிதம், பழைய ரசீது, பழைய ஏலப் புத்தகத்துல வந்த போட்டோ, இதுக்கு மதிப்பு உண்டு. கையெழுத்துக்கும் ரொம்ப உருகக் கூடாது, ஓவியர்கிட்ட நாப்பது வருஷம் கழிச்சு நீட்டி வாங்குன கையெழுத்தும் இருக்கு, பீனட்ஸ் காமிக்ஸ் வரைஞ்ச ஷுல்ஸ் பேர்ல உலகம் முழுக்கப் பொய் கையெழுத்தோட ஸ்னூப்பி நாய்ப் படம் சுத்திக்கிட்டிருக்கு.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேப்பாங்க. நம்ம 1930ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் 27ஆவது பிரிவுல பொதுவான விதி சிம்பிள்: விக்கிறவனுக்கு இல்லாத உரிமை வாங்கறவனுக்கு வராது. திருட்டுச் சாமானை நல்ல மனசோட காசு கொடுத்து வாங்கினாலும் அது பெரும்பாலும் உன்னோடது ஆகாது. அடுத்தது நிறைய பேருக்குத் தெரியாதது, பேப்பர் உன் வீட்டுச் சுவத்துல தொங்குனாலும் காப்பிரைட் உன்கிட்ட இல்ல, டீ ஷர்ட்ல போட்டு விக்க முடியாது. காப்பிரைட் சட்டத்துல 53ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, ஒரிஜினல் ஓவியம் 10,000 ரூபாய்க்கு மேல மறுவிற்பனை ஆனா, அதுல முதல் உரிமை ஓவியர்கிட்ட இருந்திருந்தா, அவருக்கோ வாரிசுக்கோ ஒரு பங்கு, அதிகபட்சம் பத்து சதவீதம். இதைக் கேட்டு வாங்குன ஓவியர் ஒருத்தரைக் கூட நான் நேர்ல பாத்ததில்ல.

இப்ப வரையறவங்க விஷயம் வேற, பென்சில் ஒரு பேப்பர்ல, அதை ஸ்கேன் பண்ணி வெளிர்நீலத்துல பிரிண்ட் போட்டு வேற ஊர்ல ஒருத்தர் மை ஓட்டுவாரு, எழுத்து கம்ப்யூட்டர்ல. ஒரே பக்கத்துக்கு ரெண்டு ஒரிஜினல், சில சமயம் பேப்பரே இல்ல. அந்தச் சண்டையை அடுத்த தலைமுறை பாத்துக்கட்டும்.

நம்ம கரையோர ஊர்களுக்குன்னு ஒரு தனிக் கஷ்டமும் இருக்கு. பேப்பர் காத்துலயே ஊறும், அட்டையில பழுப்புப் பூ பூக்கும், பழசுன்னு காட்டறதுக்கு யாரும் டீ ஊத்தவே வேணாம், ரெண்டு மழைக்காலம் போதும். 2011 டிசம்பர் 30 தானே புயல் நம்ம ரெண்டு ஊருக்கும் நடுவுல கரை ஏறினப்ப அண்ணன் வீட்டு ஓடு பறந்து ஒரு பெட்டி நனைஞ்சுது. புக்கை எல்லாம் விசிறி போட்டுக் காய வச்சுக் காப்பாத்திட்டாரு. நனைஞ்ச கடிதங்களையும் ரசீதுகளையும் கூழாப் போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டாரு. அப்ப எனக்கும் அதுல தப்பு தெரியல. எந்த புக் யார்கிட்ட எப்ப வாங்குனதுன்னு இருந்த ஒரே கணக்கு அதுதான்.

அன்னிக்குச் சாயந்திரம் கிளம்பும்போது அண்ணன் ரொம்ப நேரம் பேசல. அப்பறம் அவரே சொன்னாரு, "படம் நல்லாத்தான் தம்பி இருக்கு, எவனோ கஷ்டப்பட்டுப் போட்டிருக்கான், ஹால்ல மாட்டிக்கறேன்". மாட்டுங்க, ஆனா பின்னாடி எழுதி வச்சிடுங்கண்ணே, நாளைக்கு உங்க பையன் கையில போகும்போது அவனுக்குத் தெரியணும்னு சொன்னேன். "நீயே எழுது, உன் கையெழுத்து நல்லா இருக்கும்"னு திருப்பிப் போட்டுக் கொடுத்தாரு. பேனா பட்டா முன்பக்கம் ஊறும்னு மெல்லிசா பென்சில்ல, புத்தகத்தைப் பார்த்து வரைந்த நகல்னு எழுதி, தேதி போட்டு, வாங்குன இடம், விலை எல்லாம் குறிச்சேன். பின்பக்கத்துல அதுதான் முதல் எழுத்து.

நாலு மாசம் கழிச்சு திரும்ப போன். சென்னையில இருந்து ஒருத்தர் வீட்டுக்கு வந்தாராம், சுவத்துல பாத்தாராம், 25,000 தர்றேன்னு நிக்கறாராம்.

"சொல்லிட்டீங்கல்ல அண்ணே, நகல்னு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. ஃபேன் ஓடற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"ஏன் தம்பி, நீ பின்னாடி எழுதுனது பென்சில்லதானே?"